லட்சம் பாட்டுப் பாடிய கோவணாண்டி

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் கூட்டேரிப்பட்டில் கால் வைக்க இடம் இருக்காது. திண்டிவனத்திலிருந்து வரும் பஸ்ஸும், விழுப்புரத்திலிருந்து வரும் பஸ்ஸும் அங்கே நின்று நின்று ஜனங்களை இறக்கிவிடும். மஞ்சள் துணி, தோளில் காவடி, இடுப்பில் குழந்தை. எல்லோரும் மயிலம் மலையைப் பார்த்து நடப்பார்கள். சூரபத்மன் மயிலாகித் தவம் இருந்த மலை என்பது மயிலத்தின் கதை. மயில் மலைதான் மயிலம் ஆயிற்று என்பார்கள்.

நடக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. காவடி ஆடுகிறவருக்குப் பாட்டு வேண்டும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மெட்டு துள்ளும். காலும் துள்ளும்.

இந்தக் காவடிச் சிந்துக்குப் பேர்போனவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். 1865ஆம் ஆண்டு பிறந்தார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் பாடினார். 26 வயதில் கண்ணை மூடிவிட்டார். அவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் போட்ட மெட்டு இன்றைக்கும் தெருவில் நடமாடுகிறது. செல்போனில் தேடினாலும் கேட்கிறது.

அதே திருநெல்வேலிச் சீமையில், ரெட்டியாருக்கு 26 வருஷம் முன்னால், இன்னொரு பாட்டுக்காரர் பிறந்தார். அவரும் முருகனைத்தான் பாடினார். 26 வயதில் போகவில்லை. 58 வயது வரை இருந்தார். பாடிய பாட்டும் ஒன்றிரண்டு அல்ல. ஒரு லட்சம் என்கிறார்கள்!

அவர் அடங்கிய இடம் தூர தேசத்தில் இல்லை. கூட்டேரிப்பட்டில் பஸ் மாறுகிறார்களே, அவர்களுடைய சொந்த ஜில்லாவிலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து நாலு மைல் தூரம். ஆனால் அந்தப் பஸ்ஸில் இருக்கிற நாற்பது பேரைக் கேட்டால், நாலு பேருக்காவது அவர் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அவர் பெயர் தண்டபாணி சுவாமிகள். புலவர்கள் அவரை வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் என்று சொல்வார்கள்.

எட்டு வயதுப் பையன்

1839ஆம் ஆண்டு நவம்பர் 28ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் செந்தில்நாயகம் பிள்ளை. பெற்றோர் வைத்த பெயர் சங்கரலிங்கம்.

சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தார். சுரண்டையில் வளர்ந்தார். மற்றப் பிள்ளைகள் பம்பரம் விடும் எட்டாவது வயதில் இந்தப் பையன் வெண்பா பாடினான். வெண்பா என்பது லேசான சமாசாரம் அல்ல. தமிழ்ப் பாட்டிலேயே கட்டுத்திட்டம் அதிகமுள்ளது அதுதான். ஒரு சீர் பிசகினாலும் புலவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதை எட்டு வயதுப் பையன் பாடினால் ஊர் சும்மா இருக்குமா?

ஆனால் ஊர்ப் பெருமை அவரைக் கட்டிப்போடவில்லை. முருகன் மேல் வைத்த பக்தி பெரிதாக வளர்ந்தது. அருணகிரிநாதரின் திருப்புகழ் அவருடைய மனதைக் கொள்ளைகொண்டது. அதே மாதிரி சந்தப் பாட்டுகளை அள்ளிக் கொட்டினார். கேட்டவர்கள் அவரைத் ‘திருப்புகழ் சுவாமிகள்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘முருகதாசர்’ என்றும் பெயர் வந்தது.

உடுப்பு ஒரு கோவணம். கையில் ஒரு தண்டம், அதாவது கோல். பழனி ஆண்டவனும் அப்படித்தானே நிற்கிறான்? கையில் தண்டம் வைத்திருந்ததால் தண்டபாணி என்ற பெயர் இவருக்கும் பொருந்திவிட்டது.

கூடப் பாடப் பாட்டுக் கோஷ்டி இல்லை. ஜமீன் சம்பளம் இல்லை. ஊர் ஊராக நடந்தார். கோயில் கோயிலாக நின்றார். நின்ற இடத்தில் பாடினார். ஓயாமல் கொட்டும் மழை என்று பொருள்படும்படி ‘ஓயாமாரி’ என்ற பட்டமும் அவருக்கு உண்டு.

எட்டு வயதில் ஆரம்பித்து 58 வயது வரை 50 வருஷம். லட்சம் பாட்டு என்றால் வருஷத்துக்கு 2,000 ஆகிறது. தினமும் ஐந்து பாட்டுக்குக் குறையவில்லை! காய்ச்சல் வந்த நாள், வழி நடந்த நாள், பட்டினி கிடந்த நாள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

வண்ணம் என்றால் என்ன?

‘வண்ணச்சரபம்’ என்ற பட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். சரபம் என்பது புராணத்தில் வரும் விலங்கு. சிங்கத்தையும் அடக்கும் என்பார்கள். வண்ணப் பாட்டில் சரபம் போன்றவர் என்பது பொருள்.

வண்ணம் என்பது வர்ணம் பூசுகிற விஷயம் இல்லை. அது பாட்டின் ஓசை.

தவில்காரர் வாயால் தாளம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைப்போல வண்ணம் பாடுகிறவர் முதலில் ஓர் ஓசையைத் தீர்மானம் செய்கிறார். ‘தந்த தத்த தான’ என்று அர்த்தமில்லாத அசைகளால் ஒரு வரிசை. பிறகு அந்த வரிசைக்குள் அர்த்தமுள்ள சொற்களைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். ஓசை இம்மியும் மாறக்கூடாது.

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லிப் பாருங்கள். ‘பட்டு’ என்றால் அது ‘தத்த’. ‘பாட்டு’ என்றால் ‘தாத்த’. ‘பந்து’ என்றால் ‘தந்த’. ‘பாம்பு’ என்றால் ‘தாந்த’. ‘தந்த’ என்று ஓசை கேட்கும் இடத்தில் ‘பந்து’ வரலாம், ‘சங்கு’ வரலாம், ‘கம்பு’ வரலாம். ‘பட்டு’ வரக்கூடாது. ‘பாம்பு’ம் வரக்கூடாது. வந்தால் ஓசை உடைந்துவிடும்.

இப்படி ஒரு வரி பாடுவதே கஷ்டம். திருப்புகழில் ஒரே ஓசை மூன்று தரம் மடங்கி வரும். முடிவில் ‘தொங்கல்’ என்று சின்ன வால் ஒன்று தொங்கும். பாட்டு முழுவதும் எல்லா அடியும் அதே அச்சில் வார்த்தது போல இருக்கவேண்டும். இத்தனை கட்டுக்குள்ளும் முருகனின் அழகைச் சொல்லவேண்டும், பாடுகிறவனின் அழுகையையும் சொல்லவேண்டும். அப்புறம் அதைப் பாடவும் பாடவேண்டும்!

இந்த வித்தையில் சுவாமிகள் தண்ணீர் பட்ட பாடு. தான் பாடியதோடு விடாமல், வண்ணம் பாடுவது எப்படி என்பதற்கு ‘வண்ணத்தியல்பு’ என்று ஓர் இலக்கண நூலே செய்துவிட்டார். சமையல் செய்துவிட்டுப் பக்குவத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்திலும் அவர் துணிச்சல்காரர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று தமிழ் இலக்கணம் ஐந்து வகை என்பார்கள். அவர் ஆறாவதாகப் ‘புலமை’ இலக்கணம் ஒன்றைச் சேர்த்து ‘அறுவகை இலக்கணம்’ பாடினார். அதாவது, பாட்டுக்கு இலக்கணம் இருந்தால் போதுமா, பாடுகிறவனுக்கு ஓர் இலக்கணம் வேண்டாமா? பிறகு அதுவும் போதாது என்று ‘ஏழாம் இலக்கணம்’ செய்தார். அந்த ஏழாவது, தவம்.

பழைய புலவர்கள் எழுபது பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, அவர்கள் கதையை எல்லாம் ‘புலவர் புராணம்’ என்று 3,000 பாட்டுக்கு மேல் பாடி வைத்தார். தன் சொந்த வாழ்க்கையையும் விடவில்லை. ‘குருபர தத்துவம்’ என்ற பெயரில் அதையும் பாட்டாகவே பாடினார். தமிழில் சுயசரிதை என்றால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைச் சொல்வோம். அது 1940ல் வாரப் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது. இந்தக் கோவணாண்டியோ அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே சரிதத்தைப் பாடி முடித்துப் போய்விட்டார்.

முருகதாசராயிற்றே, மற்ற சாமிகளைப் பாடமாட்டாரோ என்று நினைக்கவேண்டாம். சிவன், அம்மன், பிள்ளையார், சூரியன் எல்லோருக்கும் பாட்டு உண்டு. ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு ‘திருவரங்கத் திருவாயிரம்’ பாடினார். சைவரும் வைணவரும் வாதம் செய்துகொண்டிருந்த காலத்தில் இது சாதாரணமா? உயிர்க்கொலை கூடாது என்பதில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியையும் குறை சொல்லிப் பாடினார். ‘ஆங்கிலியர் அந்தாதி’ என்று ஒரு நூலே இருக்கிறது.

பாதிப் பாட்டு எங்கே?

இனிமேல்தான் மனதைப் பிசைகிற கட்டம்.

லட்சம் பாட்டு பாடினார் என்றோம். இன்று கிடைப்பது சுமார் 50,000 என்கிறார்கள். மீதி எங்கே?

கறையான் தின்றது கொஞ்சம் இருக்கலாம். அந்தக் காலத்தில் பாட்டை ஓலையில்தான் எழுதினார்கள். ஓலைக்கு எண்ணெய் பூசிப் பார்த்துக்கொள்ளாவிட்டால் பூச்சி விடாது. ஆனால் கறையானை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சுவாமிகளே தம் பாட்டுகளை நீருக்கும் நெருப்புக்கும் கொடுத்துவிட்டார் என்பது அடியார்கள் சொல்லிவரும் வரலாறு.

ஏன் அப்படிச் செய்தார்?

அவருக்கு வேண்டியது புகழ் இல்லை, பணமும் இல்லை. முருகன் நேரில் வந்து நிற்கவேண்டும். கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் அத்தனை பாட்டும். பாடினார், பாடினார், வரவில்லை. பிள்ளை தகப்பனிடம் கோபித்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறதே, அந்த மாதிரிக் கோபம்! கேட்கவேண்டியவன் கேட்கவில்லையென்றால் பாட்டு எதற்கு என்று வெறுத்துவிட்டாராம். கட்டுக் கட்டாக ஓலைகள் போயின.

ஆனால், கோபம் தணிந்ததும் சும்மா இருந்தாரா? மறுபடியும் பாட உட்கார்ந்துவிட்டார். அதுதான் வேடிக்கை.

அவருடைய ஆசான் அருணகிரிநாதரின் பாட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். அருணகிரிநாதர் 16,000 திருப்புகழ் பாடினார் என்று சொல்வது வழக்கம். கிடைத்திருப்பவை 1,300க்குச் சற்று மேலே. அந்த அளவாவது கிடைத்ததற்குக் காரணம் செங்கற்பட்டுப் பக்கத்து வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 1871ல் சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டைச் சாட்சிக்குக் காட்டினார்கள். அதைக் கேட்டுச் சொக்கிப்போன பிள்ளை, கோர்ட் வேலையோடு வேலையாக ஊர் ஊராக ஏடு தேடிப் பாட்டுகளைச் சேர்த்தார். 1894ல் முதல் பாகம் அச்சில் வந்தது. அப்போது நம்முடைய சுவாமிகள் உயிரோடு இருந்தார்.

இதே தென்னாற்காட்டு ஜில்லாவில் இன்னொரு மகானும் அந்தக் காலத்தில் பாடிக்கொண்டிருந்தார். அவர் வடலூர் வள்ளலார். பாட்டுகளை அச்சில் போட அவருக்கும் இஷ்டம் இல்லை. ஆனால் அவருக்கு வாய்த்த சீடர் இறுக்கம் இரத்தின முதலியார் விடாக்கண்டர். பாட்டுகள் கைக்கு வரும்வரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று சபதம் செய்துவிட்டார்! வள்ளலார் இறங்கிவரவேண்டியதாயிற்று. 1867ல் திருவருட்பா அச்சாயிற்று. பாடுகிறவர் வேண்டாம் என்று தள்ளினாலும், பக்கத்தில் ஒரு பிடிவாதக்காரர் இருந்தால் பாட்டு பிழைத்துக்கொள்கிறது.

தண்டபாணி சுவாமிகளுக்கும் அப்படிச் சீடர் ஒருவர் கிடைத்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இராமானந்த சுவாமிகள். 1890ல் சின்னவேடம்பட்டியில் கௌமார மடாலயத்தை அமைத்தவர் அவரே. கௌமாரம் என்றால் குமரனைக் கும்பிடும் வழி. சிரவை ஆதீனம் என்று அந்த மடத்தைச் சொல்கிறார்கள். சுவாமிகளின் பாட்டுகளைக் காப்பாற்றிப் புத்தகமாக வெளியிட்டதில் பெரும் பங்கு அந்த மடத்தையே சேரும். திருநெல்வேலியில் பிறந்து, விழுப்புரம் பக்கத்தில் அடங்கியவருடைய பாட்டைக் கொங்குநாடு காப்பாற்றியது!

ஆறு வழிவிட்ட ஊர்

நடந்து நடந்து சுவாமிகள் கடைசியில் தங்கிய ஊர் திருவாமாத்தூர். பம்பை ஆற்றங்கரை. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் தேவாரம் பாடிய ஊர். சுவாமி அபிராமேசுவரர் கிழக்கே பார்த்திருக்கிறார். அம்மன் முத்தாம்பிகை மேற்கே பார்த்திருக்கிறாள். இருவருக்கும் நடுவே தெரு. பசுக்கள் கும்பிட்டுக் கொம்பு பெற்ற இடம் என்பது ஊர்க்கதை. ‘ஆ’ என்றால் பசு அல்லவா?

அம்மன் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால், “வா, திருவாமாத்தூருக்கு!” என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம்.

பாட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. இரட்டைப் புலவர்கள் கதை தெரியுமா? ஒருவர் குருடர், மற்றவர் நொண்டி. குருடர் தோளில் நொண்டி உட்கார்ந்து வழி சொல்ல, இருவருமாகப் பாடிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். திருவாமாத்தூர் மேல் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது என்று பாடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். “கோயில் ஆற்றுக்குக் கிழக்கே அல்லவா இருக்கிறது? கண் தெரியாத பாட்டாக இருக்கிறதே!” என்று கேலி செய்தார்கள். புலவர்கள் கலங்கிப்போய்ப் படுத்தார்கள். அன்று ராத்திரி வெள்ளம் வந்தது. விடிந்து பார்த்தால் ஆறு திசை மாறிக் கோயிலுக்குக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது என்பது கதை.

கதை மெய்யோ பொய்யோ, பாட்டுக்காக ஆறே வழி மாறியது என்று சொல்லிக்கொள்கிற ஊர், பாட்டுக்காரர் தங்குவதற்குத் தகுந்த ஊர்தான்.

இங்கே சுவாமிகள் கௌமார மடம் அமைத்தார். இங்கேயே 1898ஆம் ஆண்டு ஜூலை 5ந் தேதி, ஆனி மாதத்தில், அடங்கினார். சமாதியும் இங்கேதான். அருணகிரிநாதரே மறுபடி பிறந்து வந்தார் என்று நம்புகிற அடியார்கள் உண்டு. தமிழ் படித்த பண்டிதர்கள் அவரை ஒரு நாளும் மறந்ததில்லை.

பண்டிதர்கள் மறக்கவில்லை, சரி. மஞ்சள் துணி கட்டி நடக்கிற ஜனங்கள்?

உள்ளதைச் சொன்னால் என்ன? காவடிச் சிந்தை ஒரு தரம் கேட்டால் போதும். மறு தரம் கூடவே பாடலாம். சுவாமிகளின் வண்ணத்தை ஒரு தரம் கேட்டால் நாக்குத்தான் சுளுக்கிக்கொள்ளும். ரெட்டியார் காலுக்குப் பாடினார். சுவாமிகள் காதுக்குப் பாடினார், அதுவும் ஒரே ஒருவனுடைய காதுக்கு. அவன் கேட்டால் போதும் என்று பாடியவரை, நமக்குப் புரியவில்லையே என்று குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் நமக்கு வராது என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. திருப்புகழை மட்டும் ஜனங்கள் ஒரு காலத்தில் சுலபமாகவா பாடினார்கள்? வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் மாதிரி ஒருவர் வந்து, ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்துப் பாடிக் காட்டினார். இன்று திருத்தணிப் படியில் ஆயிரக்கணக்கானவர்கள் புத்தாண்டு ராத்திரியில் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்கள் எல்லோரும் இலக்கணம் படித்தவர்களா என்ன?

தண்டபாணி சுவாமிகளின் வண்ணத்துக்கு அப்படி ஒரு வள்ளிமலையார் இன்னும் வரவில்லை. 50,000 பாட்டு காத்திருக்கிறது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு, விழுப்புரம் பஸ் ஏறலாம். விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் நாலு மைல். அபிராமேசுவரரையும் முத்தாம்பிகையையும் பார்த்த பிறகு, கோவணாண்டிச் சாமியின் சமாதி எங்கே என்று கேட்டால் ஊரில் வழி காட்டுவார்கள். கையில் அவருடைய பாட்டுப் புத்தகம் இருந்தால் ஒரு பாட்டை எடுத்து, முதலில் சொல்லை விட்டுவிட்டு ஓசையை மட்டும் ‘தந்த தத்த’ என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு பாடிப் பாருங்கள். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.